உயிரணு நெருக்கடியும் உடற்கடிகாரமும்

உறக்கம், உடல் வெப்பம், செரிமானம், ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றை ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நடத்துவது உடற்கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமசில் சுமார் 20,000 நரம்பணுக்களாலான தலைமைக் கடிகாரம் கண்வழி வரும் ஒளியால் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. கல்லீரல், இதயம் போன்ற உறுப்புகளின் உயிரணுக்களுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை உணவு வேளை, கார்ட்டிசால், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கொண்டே பொழுதை அறிகின்றன.

இந்தக் கடிகாரங்களுக்குள் குளொக், பிமால்1 என்னும் புரதங்கள் பெர், கிரை மரபணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றால் உருவாகும் புரதங்கள் பெருகியதும் தூண்டியவற்றையே தடுக்கின்றன. பிறகு சிதைகின்றன, சுற்று மீண்டும் தொடங்குகிறது. பழ ஈக்களில் இதன் அடிப்படையை விளக்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

வெப்பம், ஆக்சிஜன் பற்றாக்குறை, டிஎன்ஏ சிதைவு போன்ற நெருக்கடிகள் இந்தச் சுற்றைக் குலைப்பதாக மட்டும் கருதுவது குறைபட்ட பார்வை. கடிகாரம் அவற்றை நேரச் செய்தியாகவும் எடுத்துக்கொள்கிறது. டிஎன்ஏ சிதைந்தால் அது பெரும்பாலும் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. சூட்டில் புரதங்களைக் காக்கும் எச்எஸ்எஃப்1, உடல் வெப்பத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை உறுப்புக் கடிகாரங்களுக்குத் தெரிவிக்கிறது. கருவே இல்லாத சிவப்பணுக்களிலும், ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் பெராக்சிரெடாக்சின் புரதம் நாள்தோறும் முறை தவறாமல் மாறுவதை 2011இல் கண்டறிந்தனர். மரபணுச் சுற்று மட்டுமே கடிகாரம் என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி.

எனினும் சூடு ஏறினால் கடிகாரம் வேகமெடுப்பதில்லை. பெர்2 புரதத்தில் பாஸ்பேட் சேரும் இடம் மாறுவதால் அதன் ஆயுள் மாறுகிறது, அதனால் வேகம் சமன்படுகிறது என்று சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் டேவிட் விர்ஷப் குழு 2015இல் காட்டியது.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்தி அல்ல. பக்கத்திலுள்ள பிறையிலும், பாலம் தாண்டி 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் நைட் ஷிப்ட் வாடிக்கை. இரவு இரண்டு மணிக்கு உண்ணும் நாசி கண்டார் கல்லீரலுக்குப் பகல் என்று சொல்கிறது. மூளையின் கடிகாரமோ இன்னும் நள்ளிரவில் நிற்கிறது. தீபகற்ப மலேசியா 1982இல் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதால் இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் உதிக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்புபவரின் கண்ணில் படும் அந்த வெயில், இரவுக்குப் பழக முயலும் உடலை மறுபடியும் பகலுக்கே இழுக்கிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இத்தகைய இரவு வேலையை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என 2007இல் வகைப்படுத்தி, 2019இல் உறுதிசெய்தது. மனிதரிடம் கிடைத்த சான்றுகள் வரம்புக்குட்பட்டவையே. விலங்குச் சோதனைகளும், உயிரணுவுக்குள் நடப்பதைக் காட்டிய ஆய்வுகளுமே அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தன.