திரும்பி வந்த காக்கை

கி.பி. பத்தாம் நூற்றாண்டு முடிவுறும் காலம். நார்வே அரசன் ஓலாவ் திரிக்வசன், நாட்டின் மேற்குக் கரையிலுள்ள அவால்ட்ஸ்னெஸ் மாளிகையில் விருந்து முடித்து அமர்ந்திருக்கிறான். தன் மக்களைத் திருமுழுக்குப் பெறச் செய்வதில் பெருமுனைப்புக் கொண்டவன். அதற்காக வாளை உருவவும் தயங்காதவன். அவ்விரவில் முதியவர் ஒருவர் அங்கே வருகிறார். தாழ இறங்கிய தலைமூடி, ஒற்றைக் கண், கேட்டாரைப் பிணிக்கும் பேச்சு. அரசன் வினவியவற்றுக்கெல்லாம் விடை கூறுகிறார். பண்டைய மன்னரின் கதைகளை எடுத்துரைக்கிறார். உறங்கும் நேரமாயிற்று என்று ஆயர் நினைவூட்டுகிறார். படுக்கைக்குச் சென்ற பின்னும் அரசனின் ஆவல் அடங்கவில்லை. முதியவர் அவன் காலடியில் அமர்ந்து பேச்சைத் தொடர்கிறார். ஆயர் மீண்டும் நினைவூட்ட வேண்டியதாகிறது. அரசன் விழித்தெழுந்தபோது முதியவரைக் காணவில்லை. சமையற்கூடத்தில் அவர் தந்துபோன கொழுத்த இறைச்சி மட்டும் கிடந்தது. வந்தவன் ஓடினே என்று உணர்ந்த அரசன், அவ்வுணவை எறிந்துவிடப் பணித்தான்.

உணவை எறிந்துவிடலாம், கேட்ட கதைகளை எறிவது எங்ஙனம்? வட ஐரோப்பிய மக்கள் பழைய சமயத்தினின்று புதிய சமயத்திற்குக் கடந்த நாளில் அவர்கள்முன் நின்ற கேள்வி இதுவே. மேற்கண்ட நிகழ்ச்சியை எழுதிவைத்த ஐஸ்லாந்து நாட்டு ஸ்னோரி ஸ்டுர்லுசனும் (1179-1241) ஒரு கிறித்தவரே என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓடின் யார்? நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் ஓடின் என்றும், ஜெர்மானிய இனத்தாரிடையே வோடன் என்றும் வழங்கப்பட்ட தெய்வம் அவன். ஆங்கிலத்தில் புதன்கிழமைக்குரிய பெயர் 'வோடனின் நாள்' என்னும் பொருளுடையது. உரோமர் இத்தெய்வத்தைத் தங்கள் மெர்க்குரியோடு ஒப்பிட்டனர். மெர்க்குரி என்பதோ நாம் புதன் என்றழைக்கும் கோளின் பெயர். ஆகவே ஒரே நாள் அங்கு ஓடினுக்கும் இங்குப் புதனுக்கும் உரியதாய் நிற்கக் காண்கிறோம்.

அவன் அமைதி தரும் தெய்வம் அல்லன். போருக்கும் கவிதைக்கும் தூக்கிலிடப்பட்டோர்க்கும் உரியவன். தன்னை நம்பிய வீரனையே களத்தில் கைவிடுவான், சூளுரைத்துவிட்டுப் பிறழ்வான். எனினும் அறிவின்மீது அவன் கொண்ட வேட்கைக்கு எல்லை இல்லை. மீமிர் என்பவனின் கிணற்றில் ஒரு மிடறு பருகத் தன் கண்ணையே விலையாகக் கொடுத்தான். களத்தில் வீழ்ந்த வீரரை வல்கல்லா என்னும் தன் மண்டபத்தில் திரட்டுகிறான். இறுதிப் போரில் ஓநாய் ஒன்று தன்னை விழுங்கும் என்பதை அறிந்தும் அப்போருக்கு ஆயத்தம் செய்கிறான்.

அவனிடம் இரண்டு அண்டங்காக்கைகள் உண்டு. ஹூகின் என்பதற்கு எண்ணம் என்றும், மூனின் என்பதற்கு நினைவு என்றும் பொருள் கூறுவர். நாள்தோறும் அவை உலகைச் சுற்றிவந்து, கண்டவற்றை அவன் செவியில் கூறும். ஹூகின் திரும்பாது போமோ என்று அவன் அஞ்சுகிறான். மூனினைக் குறித்தோ அதனினும் மிகுதியாக அஞ்சுகிறான் என்கிறது பழம்பாடல் ஒன்று. எண்ணத்தை இழப்பதைவிட நினைவை இழப்பது கொடிது என்று அப்பாடலை யாத்தவர் கருதினார் போலும்.

அந்த அச்சம் வீணானதன்று. ஓடினை வழிபட்ட மக்கள் நூல் எழுதி வைக்கவில்லை. ரூன் எழுத்துகளைக் கல்லிலும் உலோகத்திலும் பொறித்ததோடு நின்றனர். டென்மார்க்கின் விண்டெலெவ் என்னும் ஊரில் 2020-இல் கிடைத்த புதையலில் ஒரு மெல்லிய பொற்பதக்கம் இருந்தது. அதில் ஓடினின் பெயர் காணப்படுவதை அறிஞர் 2023-இல் அறிவித்தனர். ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த அதுவே அப்பெயரைத் தாங்கி இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது. அதிலும் சில சொற்களே உள்ளன. பொன் பெயரைக் காத்தது. கதையைக் காக்க அதனால் இயலவில்லை.

கதையைக் காக்கும் பொறுப்பு, ஓடினைக் கைவிட்டவரிடமே வந்து சேர்ந்தது. சாக்சனியரிடையே திருமுழுக்குப் பெறுவோர் தொனாரையும் வோடனையும் பெயர் சொல்லி மறுக்குமாறு அமைந்த உறுதிமொழி ஒன்று இன்றும் ஏட்டில் உள்ளது. சார்லமேன் பேரரசன் அம்மக்களைப் போரால் பணியவைத்துத் திருமுழுக்கிற்கு உட்படுத்தினான் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. வாளுக்கு அஞ்சி மறுக்கப்பட்ட தெய்வத்தின் கதையை எவரும் அமைதியாக அமர்ந்து எழுதுவதில்லை. அங்கே மிகுந்தது பெயர் மட்டுமே.

ஐஸ்லாந்தில் நிகழ்ந்தது வேறு. கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டி, அல்திங் என்னும் நாட்டவை கூடியபோது, கிறித்தவரும் பழஞ்சமயத்தாரும் இரு சட்டங்களாகப் பிரிந்துபோகும் நிலை உருவாயிற்று. தீர்ப்பு, சட்டமுரைப்போரான தொர்கெய்ரிடம் விடப்பட்டது. அவரோ அன்று பழஞ்சமயத்தவர். ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் பேச்சின்றிக் கிடந்தார். பின் எழுந்து, சட்டம் இரண்டானால் அமைதியும் குலையும் என்று கூறி, யாவரும் திருமுழுக்குப் பெறுக எனத் தீர்ப்பளித்தார். மறைவில் பழைய பலியிடுதலுக்குச் சிலகாலம் இடம் தரப்பட்டது. சில ஆண்டுகளில் அதுவும் நீக்கப்பட்டது. குருதி சிந்தாமல் கடந்த மக்களுக்குத் தம் முன்னோரை வெறுக்கவேண்டிய தேவை நேரவில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. ஸ்னோரி ஒரு சிக்கலைக் கண்டார். முன்னோரின் கவிதைகள் பழந்தெய்வக் கதைகளால் நெய்யப்பட்டவை. கவிதையை 'ஓடினின் தேறல்' என்றும், பொன்னைப் 'பிரேயாவின் கண்ணீர்' என்றும் சுட்டுவது கவி மரபு. கதை மறந்தால் கவிதைக்குப் பொருள் இல்லை. கவிதை மறைந்தால் மன்னர் வரலாற்றுக்குச் சான்று இல்லை. ஆகவே, 1220-ஐ ஒட்டி எட்டா என்னும் நூலை இளங்கவிஞர்க்கென்று இயற்றினார். கிறித்தவர் இத்தெய்வங்களை நம்பலாகாது என்று அதில் தெளிவாகவே கூறினார். ஆயின் கதைகளை மறந்துவிடவோ கவிதையினின்று அகற்றவோ கூடாது என்றும் உடன் கூறினார். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதே அவர் பெருமை.

அவர் கை படாத ஓடின் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடின் ஆசியாவிலிருந்து வந்த ஒரு மனிதத் தலைவனே என்று முன்னுரையில் விளக்கியவர் அவர். அவனை எல்லாத் தெய்வங்களுக்கும் தந்தையாக வரிசைப்படுத்தியவரும் அவரே. பிரேமன் நகர் ஆதாம் என்னும் குரு 1070-களில் எழுதிய குறிப்போ, உப்சாலாக் கோயிலில் நடுவிடம் தோர் என்னும் இடித்தெய்வத்துக்கே உரியதாயிருந்தது என்கிறது. அரசரும் கவிஞரும் ஓடினைப் போற்ற, உழவர் தோரை நாடினர் எனலாம்.

மற்றொரு பழம்பாடலில், ஓடின் காற்று வீசும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்குகிறான். ஈட்டியால் குத்துண்டு, உண்ணாமலும் பருகாமலும், தன்னைத் தனக்கே பலியாக்கி, ரூன் எழுத்துகளின் மறைபொருளைப் பெறுகிறான். சிலுவை மரத்தை அறிந்தவர் உள்ளம் இங்கே ஒரு கணம் நின்றுவிடும். கிறித்தவத்தின் சாயலே இது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே அறிஞர் சோபுஸ் புக்கே வாதிட்டார், மறுத்தோரும் பலர். ஒற்றுமையைவிட வேற்றுமையே நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. ஓடின் தன் அறிவுக்காகத் துன்புற்றான். மரத்தினின்று இறங்கியபோது அவன் பெற்றது ஆற்றல். சிலுவையில் தொங்கியவரோ தமக்கென்று எதையும் பெறவில்லை. இவ்வேற்றுமையை நாம் காண முடிவதும், அப்பாடலை எவரோ ஒருவர் அழியாது படியெடுத்து வைத்தமையால் அன்றோ?

ஸ்னோரியின் முடிவு துயரமானது. நார்வே மன்னன் ஹாக்கோனின் சினத்திற்கு ஆளான அவர், 1241-இல் ரெய்க்ஹோல்ட்டில் தம் இல்லத்திலேயே வெட்டுண்டு மாண்டார். ஆனால், அவர் தொடங்கிய பணி மாளவில்லை. ஏறத்தாழ 1270-களில், பெயர் அறியப்படாத ஒருவர் பழம்பாடல்களைத் தோலேட்டில் எழுதினார். 1643-இல் ஸ்கால்ஹோல்ட்டின் லுத்தரன் ஆயர் பிரின்யோல்வர் கையில் அச்சுவடி சேர்ந்தபோது எட்டு ஏடுகள் இல்லை, எஞ்சியவை நாற்பத்தைந்து. அவர் அதை 1662-இல் டென்மார்க் மன்னனுக்கு அனுப்பினார். 1728-இல் கோப்பன்ஹேகனில் பெருந்தீ மூண்டு ஐஸ்லாந்தின் ஏடுகள் சில கருகியபோதும் அது தப்பிப் பிழைத்தது. 1944-இல் ஐஸ்லாந்து குடியரசாயிற்று. 1971 ஏப்ரல் 21 அன்று, சுவடியைச் சுமந்த கப்பல் ரெய்க்யாவிக் துறைமுகம் அடைந்தபோது, மக்கள் திரளாக நின்று வரவேற்றனர். ஓடினை வணங்க அவர்கள் கூடவில்லை. தம் முன்னோரின் குரலைக் கேட்கவே கூடினர்.

ஒன்றை விட்டு நீங்குவது வேறு. அதை மறந்துவிடுவது வேறு. நீங்கியவர் மறக்கவும் வேண்டுமென்று அஞ்சுவது நம்பிக்கையின் வலிமையன்று. எதை விட்டு வந்தோம், ஏன் வந்தோம் என்பதை அறிந்தவரின் காலடியே உறுதியாக ஊன்றும். ஓடின் அஞ்சியவாறு மூனின் திரும்பாமற் போகவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குமேல் அயலகத்தில் தங்கியிருந்தும், எட்டு இறகுகளை இழந்தும், அது வீடு திரும்பியது. அதற்கு இரை ஊட்டி வளர்த்த கைகள், ஓடினை வணங்க மறுத்த கைகளே.