குருளை தேர்தல்

இராசபாளைய இனத்துக் குட்டி ஒன்றை நம் இல்லத்திற்கு வாங்கிவந்த நாள் இன்றும் நினைவில் நிற்கிறது. பாலொத்த வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள் என அவ்வினத்திற்குச் சொல்லப்படும் இலக்கணம் அனைத்தும் குறைவின்றிப் பொருந்தியிருந்தன. 'சுத்த ரகம் சார்' என்றார் விற்றவர். நாமும் நம்பினோம். என்ன பெயர் சூட்டுவது என்று வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. பெயர் முடிவான பிறகுதான், அப்பெயரை அது ஒருநாளும் கேட்கப் போவதில்லை என்பது தெரிந்தது. பிறவிச் செவிடு. ஏழாம் மாதத்தில், தெருவில் பின்னோக்கி நகர்ந்த தண்ணீர் லாரியின் ஓசை அதற்கு எட்டவில்லை.

அதன்பின் நெடுநாள் நம் வீட்டில் நாய்ப்பேச்சே எழவில்லை. சென்ற ஆண்டு, உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், கன்னி இனக் குட்டிதான் வேண்டுமென்று தம் மகன் அடம்பிடிப்பதாகச் சொல்லி, 'நீங்கள் பழைய நூல்களில் தோய்ந்தவர் ஆயிற்றே! நல்ல வேட்டைநாய்க் குட்டியை எப்படித் தேர்வது என்று யாரேனும் எழுதிவைத்திருக்கிறார்களா?' என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் நமக்கு அது வெள்ளைக் குட்டியின் முகத்தோடு வந்து நின்றது. தேடத் தொடங்கினோம்.

முதலில் கைக்கு அகப்பட்டவர் தொல்காப்பியர். மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்ற பெயரைத் தருகிறார். துரத்தும் நாய்க்கும் துரத்தப்படும் முயலுக்கும் இளமையில் ஒரே பெயர்! குட்டி, பறழ் என்றும் இவற்றைச் சொல்லலாம் என்கிறார். 'பிள்ளை' என்ற பெயரும் பொருந்தும், ஆனால் நாய்க்கு மட்டும் அது ஆகாது என்று விலக்குகிறார். இன்று நாய் வளர்க்கும் வீடுகளில் 'எங்க பிள்ளை' என்று கொஞ்சுவோர் மரபியல் வழுவாளர்களே. நாமும் அவ்வழுவைச் செய்தவர்கள்தாம்.

அடுத்து, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. இரவில் நீர்நிலையருகே பன்றிக்காகக் காத்திருக்கும் கானவர், அவ்வேட்டை வாய்க்காவிட்டால் பகலில் நாய்களோடு புறப்படுகிறார்கள். புதர்களை அடித்துக் கலைத்து, வேலிபோல் தொடுத்த வலைகளை மாட்டி, தாமரைப் புறவிதழ் போன்ற நீண்ட காதுகளையுடைய முயல்களைத் தப்ப வழியின்றி வளைத்துப் பிடிக்கிறார்கள். நாய் பிடித்துத் தந்த உடும்பு விருந்தாவதையும் அதே பாட்டு சொல்கிறது.

இங்கே வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். இப்பாட்டைக் காட்டி, 'சங்க காலத்திலேயே கன்னியும் சிப்பிப்பாறையும் இருந்தன' என்று கூறுவோரைக் கண்டிருக்கிறோம். பாட்டில் வரும் நாய் செய்வது புதரைக் கலைத்து விலங்கை வலைக்குள் ஓட்டும் வேலை. கன்னியோ வெட்டவெளியில், கண்ணால் கண்ட முயலை ஓடியே எட்டிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டது. மோப்பமும் குரைப்பும் முன்னதற்கு வேண்டும். பார்வையும் காலும் பின்னதற்கு வேண்டும். வேலை வேறு, ஆகவே நாயும் வேறாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. பெருமைக்காக இரண்டையும் ஒன்றாக்குவது வரலாறாகாது. பாளையக்காரர் போர்களில் இராசபாளைய நாய்கள் ஆங்கிலேயரின் குதிரைப்படையைச் சிதறடித்தன என்ற கதையும் இவ்வாறே மேற்கோள் எதுவுமின்றி நூலுக்கு நூல் தாவிக்கொண்டிருக்கிறது.

சேக்கிழார் காட்டும் வேட்டை இன்னும் விரிவானது. திண்ணனாரின் கன்னிவேட்டையில் நாய்களை வாரில் பிணித்து வீரர் பிடித்துச் செல்ல, அவற்றின் சிவந்த நாக்குகள் வெளிவந்து மீள்வதை நம் கண்முன் நிறுத்துகிறார். ஆயினும் நம்மைக் கவர்ந்தது அதற்கு முந்தைய பிள்ளைப்பருவக் காட்சி. சிறுவன் திண்ணன் முயற்பறழ், பன்றிக்குட்டி, புலிக்குருளை, செந்நாய்க்குட்டி ஆகியவற்றைத் தானே ஓடித் துரத்திப் பிடித்து, முற்றத்து மரத்தடியில் கட்டி வளர்க்கிறான். மரபியல் நூற்பாவே முற்றத்தில் வந்து கட்டுண்டு கிடப்பது போன்ற காட்சி!

இலக்கியத்தில் நாய் கூட்டமாக வரும், பெயர் இராது. ஒரு நாயைத் தனியே பெயரோடு காட்டுவது கல்லே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள 7ஆம் நூற்றாண்டு நடுகல், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவரின் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்பவருக்கு எடுக்கப்பட்டது. வீரனுக்குப் பின்னால் அவரது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு தனியே பதிவு செய்கிறது. அரசனுக்கு ஒரு வரி, வீரனுக்கு ஒரு வரி, நாய்க்கு ஒரு வரி. எத்தனை முறை அந்தப் படத்தைப் பார்த்தாலும் நாயின் பெயரிலேயே நம் கண் போய் நிற்கிறது. அவ்வூரார் அதைப் பெயர்சொல்லி அழைத்திருக்கிறார்கள். அதுவும் திரும்பிப் பார்த்திருக்கிறது.

ஆனால், நண்பரின் கேள்விக்கு விடை இங்கெல்லாம் கிடைக்கவில்லை. இந்நூல்கள் வளர்ந்த நாயின் வினையைப் பேசுகின்றன. குட்டியைத் தேர்வதைப் பேசவில்லை. அதற்கு யவனர்களிடம் செல்ல வேண்டியிருந்தது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செனபோன், வேட்டை பற்றித் தனி நூலே செய்திருக்கிறார். அவர் விவரிப்பதும் வலைகட்டி, மோப்பநாய்களைக் கொண்டு முயல் பிடிக்கும் முறைதான். ஏறக்குறைய நம் கானவரின் முறை. குட்டிகளை வேறு நாயிடம் விடாமல் ஈன்ற தாயிடமே வளரவிட வேண்டும், தாயின் பாலும் மூச்சும் அணைப்பும்தான் அவற்றை நன்கு வளர்க்கும் என்கிறார். பெயர் குறுகியதாக, கூப்பிட எளிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி 47 பெயர்களை அடுக்குகிறார். பெண்ணை எட்டாம் மாதத்திலும் ஆணைப் பத்தாம் மாதத்திலும்தான் வேட்டைக்கு அழைத்துச் செல்லலாம் என்பது அவர் விதி.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்து வந்த அர்ரியன், அதாவது அலெக்சாந்தரின் படையெடுப்பையும் 'இண்டிகா'வையும் எழுதிய அதே அர்ரியன், செனபோனுக்குத் துணைநூல் ஒன்று எழுதினார். காரணம் சுவையானது. வலையே தேவைப்படாத, கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் கெல்திய நாய்களைச் செனபோன் அறிந்திருக்கவில்லை என்பதே அவர் கூறும் குறை. தாம் வளர்த்த ஹோர்மே என்ற பெண்நாயைப் பற்றி அவர் எழுதியிருப்பது, ஓட்டநாய் வளர்த்த எவரையும் உருக்கும். வீட்டில் அவரைவிட்டு நீங்காது, உடற்பயிற்சிக் கூடத்திற்கும் உடன்வரும். குட்டியாக இருந்தபோது சாட்டையடி பட்டிருந்ததால், இன்றும் யாரேனும் 'சாட்டை' என்று சொன்னாலே பதுங்கிவந்து கெஞ்சும். புயல்போல் ஓடும் நாய்க்கு மனம் இத்தனை மென்மையானது என்பதை 2ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். கன்னி வளர்ப்போர் இன்று சொல்வதும் இதுதான்: அதட்டினால் கெட்டுவிடும்.

இனி நம் கரிசலுக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய இனமும், கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் போற்றப்படும் கன்னியும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம், சாட்டை போன்ற வால். இவற்றின் நிறங்களுக்கு மாட்டு நிறங்களின் பெயர்களே வழங்குகின்றன. செவலை, மயிலை, புல்லை என்பார்கள். கருமையும் பழுப்பும் கலந்த கன்னி கருங்கன்னி, வெளிர்நிறத்தது பால்கன்னி. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டதால் கன்னி என்று பெயர் வந்தது என்பது வழக்கில் உள்ள விளக்கம். பெயர்க்காரணம் எதுவாயினும், குட்டி விற்கப்படாமல் கொடுக்கப்பட்ட ஒரு காலத்தின் நினைவு அதில் இருக்கிறது. கொடுப்பவர்க்கும் கொள்பவர்க்கும் உறவு இருந்தது. குட்டி எப்படி வளர்ந்தது என்பது ஈன்ற நாயின் வீட்டுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஓடாத நாய்க்கு அடுத்த தலைமுறை இல்லை. தேர்வு என்பது ஒரு நாளில் ஒரு கூடைக்கு முன் குனிந்து செய்வதாக இல்லாமல், ஊரே தலைமுறைகளாகச் செய்துவந்ததாக இருந்தது.

அந்த ஏற்பாடு குலைந்த கதை நீண்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. முயல் வேட்டையும் குற்றமானது. அதில் நமக்கு வருத்தமில்லை, வரவேற்கிறோம். நாய்க்கு வேலை போயிற்று என்பதை மட்டும் குறிக்கிறோம். இன்னொரு பக்கம், ஓடுவதற்கு இருந்த வெட்டவெளியைச் சீமைக்கருவேலம் தின்றது. வேலையும் வெளியும் போனபின் எஞ்சியது பெயர். 2005இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. முதோலுக்கும் இடமிருந்தது, கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் இல்லை. சைதாப்பேட்டையில் தமிழக அரசு நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவை மூடுமாறு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர்சொல்லிப் பாராட்டினார். பெயருக்குக் கேட்பு ஏறினால் பெயரை விற்போரும் பெருகுவர்; நாம் வாங்கியதும் பெயரைத்தான். தாயையோ தந்தையையோ பார்க்கவில்லை. கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வெண்ணிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பைப் பிறகு படித்தறிந்தோம். உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாதபோது அங்குள்ள இரத்தநாளத் திசு பிறந்த சில வாரங்களுக்குள் சிதைகிறது. ஒலியை உணரும் செல்களும் அதோடு மடிகின்றன. வெள்ளையையே தேர்ந்து தேர்ந்து இணைசேர்க்கும் இனங்களில் இது தலைகாட்டுகிறது. குட்டி உறங்கும்போது, அதிர்வும் காற்றும் அதன்மேல் படாத தொலைவில் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்திருந்தால் நமக்கு அன்றே தெரிந்திருக்கும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இம்முறையால் கண்டறிய இயலாது. அதற்கு மருத்துவக் கருவி வேண்டும்.

நண்பரும் அவர் மகனும் நாமும் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட ஓர் ஊருக்குச் சென்றோம். ஆட்டுக்கிடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் வீட்டில் கருங்கன்னி ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. அவர் குட்டிகளைக் காட்டவில்லை. தாயைத்தான் அவிழ்த்துவிட்டார். விலா எலும்புகளைக் கண்ட நண்பர், 'சோறு போதவில்லையோ அண்ணாச்சி?' என்று கேட்டுவிட்டார். 'அது அப்படித்தான் சார் இருக்கணும். சதை வச்சா ஓட்டம் போச்சு' என்றார் அவர். தாய் எங்களைப் பார்த்துக் குரைக்கவுமில்லை, ஓடி ஒளியவுமில்லை. சற்றுத் தள்ளி நின்று நோட்டமிட்டு, அவர் அழைத்ததும் அவர் காலடிக்குச் சென்றது. 'இந்தக் கொணந்தான் குட்டிக்கு வரும்' என்றார்.

அதன்பின் கேள்விகள் எங்களை நோக்கித் திரும்பின. ஓடவிட இடம் உண்டா? நண்பர் மொட்டை மாடியைச் சொன்னார். முதியவர் சிரிக்கவில்லை. 'கயித்தோட நடத்துனா இதுக்குப் பத்தாது சார். வேலி அடச்ச எடத்துல காலைலயும் சாயந்தரமும் அவுத்து விடணும். இல்லேன்னா வீட்டைக் கடிச்சுத் தின்னுரும். ரோட்டுல எதையாச்சும் பாத்துட்டா நீங்க கூப்புடுறது காதுல ஏறாது' என்றார். நகருக்கு வெளியே தம் மாமனாருக்கு வேலியிட்ட தோப்பு ஒன்று இருப்பது அப்போதுதான் நண்பருக்கு நினைவு வந்தது. தந்தை நாய் எது என்று கேட்டோம். நான்கு கல் தொலைவில் உள்ள ஊரைச் சொல்லி, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போய்ப் பார்த்தோம். கூடப்பிறந்ததோடு சேர்க்கவில்லை என்பதும் உறுதியாயிற்று.

குட்டிகளுக்கு அப்போது ஐந்து வாரம். எட்டு வாரம் முடியாமல் தாயைவிட்டுப் பிரிக்கமாட்டேன் என்றார். செனபோனை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. 1965இல் நூலாக வெளிவந்த ஸ்காட், புல்லர் இருவரின் அமெரிக்க ஆய்வையும் படித்திருக்கமாட்டார். மூன்றாம் வாரத்திற்கும் பன்னிரண்டாம் வாரத்திற்கும் இடையில்தான் குட்டி தன் இனத்தோடும் மனிதரோடும் உறவாடக் கற்கிறது என்று அவர்கள் பல ஆண்டுகள் ஆய்ந்து கண்டதை, இவர் கிடைக்காவலில் அறிந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் சென்றோம். பையன் எல்லாவற்றிலும் துள்ளலான குட்டியைக் கைகாட்டினான். முதியவர் அதைத் தரவில்லை. அது கிடைக்கு வேண்டுமாம். முதலில் எட்ட நின்று பார்த்து, பிறகு தானாகவே வந்து பையனின் செருப்பை முகர்ந்த பெண்குட்டியைக் கொடுத்தார். உறங்கும்வரை காத்திருந்து, கருங்கன்னிக்குத் தேவையில்லை என்று தெரிந்தும், ஐந்து குட்டிகளின் பின்னாலும் நாம் சாவிக்கொத்தைக் குலுக்கினோம். ஐந்தும் விழித்தன.

விலை கேட்டபோது ஒரு தொகையைச் சொன்னார். நகரத்து விலையில் பாதிகூட இராது. 'வச்சுக்க முடியலேன்னா வித்துராதீங்க சார். இங்கயே கொண்டாந்து விட்டுருங்க' என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

திரும்பும் வழியில் பையன் பெயர் கேட்டான். கோவிவனின் கதையைச் சொன்னோம். பெண்குட்டிக்கு அது பொருந்தாது என்றார் நண்பர். நீளமும் அதிகம் என்றோம் நாம். 'கோவி' என்று பையன் மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தான். மடியில் கிடந்த குருளை தலையைத் தூக்கிற்று.