பூடானில் இந்திய ஆங்கில ஆசிரியர்கள்: இடப்பெயர்வும் மொழித்தேர்வும்

முன்னுரை

தொல்காப்பிய அகத்திணையியல் பிரிவுக்குரிய காரணங்களை வகுத்துரைக்குமிடத்து ஓதல், பகை, தூது ஆகியவற்றைக் கூறுகிறது. பொருள் கருதிய பிரிவையும் குறிப்பிடுகிறது. கற்பதற்காகப் பிரிதல் இவற்றுள் தனியிடம் பெறுகிறது. கற்பிப்பதற்காகப் பிரிதல் தனித்து எண்ணப்படவில்லை. அது பொருள்வயிற் பிரிவினுள் அடங்குவதாகக் கொள்ளலாம். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பூடானுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றோரின் வரலாற்றைப் பொருளீட்டல் என்னும் ஒரு சொல்லால் மட்டும் விளக்கிவிட இயலாது. கற்பித்தவர்க்கும் கற்றவர்க்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழி, ஓர் அரசின் பள்ளிக்கல்வி முழுவதையும் தாங்கும் மொழியாக நிலைபெற்ற வரலாறு அது. அம்மொழித்தேர்வு பூடானுக்கு அளித்ததையும் அதனிடமிருந்து பெற்றுக்கொண்டதையும் ஆசிரியர்களின் இடப்பெயர்வை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியிலிருந்து ஆங்கிலத்திற்கு

பூடானில் கல்வி என்பது நெடுங்காலம் மடாலயக் கல்வியாகவே இருந்தது. பௌத்த நூல்களின் மொழியாகிய செவ்வியல் திபெத்தியமே அதன் மொழி. மேலைமுறைப் பள்ளிக்கான முதல் முயற்சி, முதல் மன்னர் உக்யென் வாங்சுக் காலத்தில் 1914-ஆம் ஆண்டளவில் ஹா பள்ளத்தாக்கில் தொடங்கியது. கலிம்போங்கிலிருந்த ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் அதற்கு ஆசிரியர்களை அளித்தனர். எனவே, எல்லை கடந்து வந்த ஆசிரியர் என்னும் நிலை பூடானின் நவீனக் கல்வியோடு உடன்பிறந்ததாகும்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் தோன்றிய சில பள்ளிகளில் இந்தியே பயிற்றுமொழியாக இருந்தது. இந்தியாவிலிருந்து பாடநூல்களும் ஆசிரியர்களும் எளிதிற் கிடைத்தமை இதற்குக் காரணம். மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் ஆட்சியில் (1952–1972), 1960-களின் முற்பகுதியில், இந்தியின் இடத்தில் ஆங்கிலம் வைக்கப்பட்டது. ஜோங்கா மொழியில் அறிவியலும் கணக்கும் கற்பிப்பதற்கான நூல்கள் அப்போது இல்லை. வெளியுலகத் தொடர்புக்கும் உயர்கல்விக்கும் ஆங்கிலமே உதவும் என்பது அரசின் கருத்தாக இருந்தது.

இக்காலப்பகுதி தமிழ் ஆய்வாளர்க்குத் தனிக் கவனத்திற்குரியது. தமிழ்நாட்டில் 1965-இல் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் நிகழ்ந்தது; 1968-இல் இருமொழிக் கொள்கை ஏற்கப்பட்டது. அதே பத்தாண்டில்தான் பூடானும் இந்தியிலிருந்து ஆங்கிலத்திற்கு மாறியது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். தமிழ்நாட்டில் அது மக்கள் போராட்டத்தின் விளைவு. பூடானில் அது மன்னராட்சியின் நிருவாக முடிவு. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தின் பக்கத்தில் நெடிய இலக்கிய வளமுடைய தமிழ் நின்றது. பூடானில் ஆங்கிலத்தின் பக்கத்தில் நின்ற ஜோங்கா, எழுத்து வழக்கில் அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. இவ்வேறுபாடே பிற்கால விளைவுகளுக்கு வித்தாயிற்று.

பெயர்வுக்கான வழிகள்

1958-இல் ஜவகர்லால் நேரு பூடானுக்குச் சென்றபோது அங்கே மோட்டார் சாலை இல்லை. நாதுலா கணவாயையும் சும்பிப் பள்ளத்தாக்கையும் கடந்தே அவர் பாரோவை அடைந்தார். 1961-இல் தொடங்கிய பூடானின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திற்கான ஏறத்தாழ 17.5 கோடி ரூபாயையும் இந்தியாவே அளித்தது. எல்லை நகரான புன்ட்ஷோலிங்கைத் திம்புவோடு இணைக்கும் சாலை 1962-இல் முடிவுற்றது. அதனால் ஆறு நாள் நடைப்பயணம் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. சாலை சென்ற வழியில் பள்ளி சென்றது. பள்ளி சென்ற வழியில் ஆசிரியர் சென்றார்.

1962-இல் பூடான் கொழும்புத் திட்டத்தில் உறுப்பு நாடாயிற்று. அத்திட்டத்தின்கீழும், இந்திய அரசின் அயற்பணி முறையிலும், பூடான் அரசின் நேரடி ஒப்பந்தத்திலுமாக ஆசிரியர்கள் சென்றனர். கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் முதலிய பல மாநிலத்தாரும் அவர்களுள் இருந்தனர். கேரளத்தவர் மிகுதியாக இருந்தமை பூடானியர் பலரின் பள்ளி நினைவுகளில் பதிவாகியுள்ளது. இந்தியர்க்கு நுழைவிசைவு தேவைப்படவில்லை. உட்பகுதிக்குச் செல்ல அனுமதிச் சீட்டுப் போதுமானதாக இருந்தது. பூடானின் நாணயமாகிய நுல்ட்ரம் 1974-இல் அறிமுகமானபோதும் அதன் மதிப்பு இந்திய ரூபாய்க்கு நிகராகவே வைக்கப்பட்டது. ஆகவே ஊதியத்தை ஊருக்கு அனுப்புவதில் நாணய மாற்றால் இழப்பு நேரவில்லை. வேறு நாடாயினும் பணத்தாலும் பயணத்தாலும் அண்மையுடையதாகவும், மலையாலும் மொழியாலும் சேய்மையுடையதாகவும் பூடான் அவர்களுக்கு அமைந்தது எனலாம்.

மேக்கியும் காங்லுங்கும்

இவ்வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் அருட்தந்தை வில்லியம் மேக்கி (1915–1995). கனடா நாட்டவரான இவ்வியேசு சபைத் துறவி 1946 முதல் டார்ஜிலிங் பகுதியில் கல்விப் பணியாற்றியவர். இந்திய அரசின் ஆணையால் அவர் அப்பகுதியை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. அப்போதைய பூடான் தலைமையமைச்சர் ஜிக்மே பால்டன் தோர்ஜி அவரைத் தம் நாட்டுக்கு அழைத்தார். 1963-இல் கிழக்குப் பூடானின் தாஷிகாங்கில் அவர் பள்ளியைத் தொடங்கினார். ஓர் அரசு வேண்டாமென்று அனுப்பியவரை அண்டை அரசு வேண்டுமென்று அழைத்துக்கொண்டது.

தாஷிகாங்குக்கு அண்மையிலுள்ள காங்லுங்கில் ஷெரப்ட்சே பள்ளி 1968-இல் செயற்படத் தொடங்கியது. ‘அறிவின் சிகரம்’ என்பது அப்பெயரின் பொருள். அது 1976-இல் இளநிலைக் கல்லூரியாக உயர்ந்தது; 1983-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துடன் இணைவுபெற்றுப் பட்டக் கல்லூரியாயிற்று. இவ்வகையில், கிழக்கு இமயத்தின் மலைச்சரிவில் பயின்ற மாணவர் இருபதாண்டுகள் டெல்லியின் பாடத்திட்டத்தையே பயின்றனர்.

வகுப்பறை

பள்ளி நிலையிலும் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுகள் மன்றத்தின் பாடத்திட்டமே நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைப் பூடானிய மாணவர் தலைமுறைகள் கற்றது இதனாலேயே ஆகும். கடலையே காணாத மலைநாட்டு மாணவர்க்குக் கப்பல் வணிகத்தைத் தென்னிந்தியக் கடற்கரையிலிருந்து வந்த ஆசிரியர் விளக்கும் வாய்ப்பு அவ்வகுப்பறைகளில் இருந்தது.

மொழியியலறிஞர் ஜார்ஜ் வான் டிரீம் பூடானில் பத்தொன்பது மொழிகள் பேசப்படுவதாகக் கணக்கிட்டுள்ளார். ஜோங்கா மேற்குப் பகுதியினரின் தாய்மொழி. கிழக்கில் ட்ஷாங்லாவும் தெற்கில் நேபாளியும் பரவலாக வழங்குவன. ஆசிரியரும் மாணவரும் தத்தம் வீட்டு மொழியை வகுப்பறை வாயிலில் விட்டுவிட்டு நுழைந்தனர். பொதுமொழி வேறில்லாமையால் ஆங்கிலம் பாடமாக மட்டுமன்றிப் பேச்சு மொழியாகவும் ஆயிற்று. ஆசிரியரை விளிக்கும் ‘சார் லா’ என்னும் வழக்கு இக்கலப்பின் சிறு சான்றாகும். ஆங்கிலச் சொல்லோடு ஜோங்காவின் மதிப்புரைக்கும் ‘லா’ என்னும் இடைச்சொல் சேர்ந்த வடிவம் இது.

மொழியின் விலை

பல மொழியினர்க்கும் நடுநிலையானது ஆங்கிலம் என்னும் கருத்து 1980-களின் இறுதியில் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. தெற்குப் பூடானின் பள்ளிகளில் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டுவந்த நேபாளி 1989-இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. குடியுரிமை, உடை, பண்பாடு பற்றிய அரசின் கொள்கைகளோடு இதுவும் சேர்ந்து தென்பகுதியில் பெரும் மனக்குறையை விளைவித்தது. 1990-இல் கிளர்ச்சியும் வன்முறையும் எழுந்தபோது அங்கே பள்ளிகள் பல மூடப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நேபாளத்தின் ஏதிலியர் முகாம்களை அடைந்தனர். ஜோங்காவும் ஆங்கிலமும் நிற்க, மூன்றாவது மொழி வெளியேறியது. வகுப்பறையில் எம்மொழிக்கு இடமுண்டு என்னும் வினாவை ஆங்கிலம் தீர்த்துவைக்கவில்லை. சிறிது காலம் ஒத்திவைத்தது என்றே கருதத்தோன்றுகிறது.

ஜோங்காவின் நிலையும் நோக்கத்தக்கது. அது நாட்டுமொழியாகப் போற்றப்பட்டு, 1986-இல் அதன் வளர்ச்சிக்கெனத் தனி ஆணையமும் நிறுவப்பட்டது. ஆயினும் பிற பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தமையால், படித்தோரின் எழுத்து மொழியாக ஆங்கிலமே வலுப்பெற்றது. ஆங்கிலத்தில் பூடானியப் பெண் ஒருவர் எழுதிய முதல் புதினமாகக் கருதப்படும் குன்சாங் சோடனின் ‘த சர்க்கிள் ஆஃப் கர்மா’ 2005-இல் வெளிவந்தது. 2008-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஜோங்காவை நாட்டுமொழியென அறிவிக்கிறது. எனினும் அதன் ஜோங்கா, ஆங்கில வாசகங்களிடையே பொருள் வேறுபாடு நேருமாயின் இரண்டும் ஒத்த அதிகாரமுடையன என்றும் கூறுகிறது. அரை நூற்றாண்டு வகுப்பறை வரலாற்றின் விளைவை இவ்விதியில் காணமுடிகிறது.

முடிவுரை

சம்ட்சியில் 1968-லும் பாரோவில் 1975-லும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 1980-களின் நடுப்பகுதியில் தொடங்கிய புதிய தொடக்கக்கல்வி அணுகுமுறை, பூடானியச் சூழலைப் பாடநூலுக்குள் கொணர்ந்தது. 2003-இல் பூடான் அரசப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பள்ளித் தேர்வுகளும் படிப்படியாக உள்நாட்டு வாரியத்தின் பொறுப்பில் வந்தன. தம் மாணவரே ஆசிரியராகித் தம் இடத்தில் அமர்ந்தமையால் இந்திய ஆசிரியர் தேவை குறைந்தது. அவர்தம் பணியின் வெற்றிக்கு அதுவே அளவுகோல்.

எனினும் வரலாறு அங்கே முடிவுறவில்லை. 2020-களின் தொடக்கத்தில் பூடானிய ஆசிரியர் பலர் பணி துறந்து ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். அப்பெயர்வை எளிதாக்கியவற்றுள் அவர்கள் பள்ளியில் பெற்ற ஆங்கிலமும் ஒன்று. ஒருகால் ஆசிரியரை நாட்டுக்குள் அழைத்துவந்த அதே மொழி, பின்னர் ஆசிரியரை வெளியே அழைத்துச் சென்றது. ஒரு நாடு தன் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும்போது தன் மக்கள் செல்லப்போகும் வழியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பூடானின் வரலாறு உணர்த்துகிறது. பயிற்றுமொழி பற்றிய விவாதம் ஓயாத தமிழ்ச்சூழலுக்கும் இது பொருந்தும்.