கொழுப்பு ஓடமான வரலாறு

கொழுப்பு என்றதும் குருதிக் குழாயை அடைக்கும் பொருள் என்றே நாம் எண்ணுகின்றோம். அவ்வினத்துப் பொருளையே ஓடமாக்கி, அக்குழாயின் சுவருக்குள் மரபணுவை அனுப்ப முயன்றனர் அறிஞர். அம்முயற்சியின் வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

கேம்பிரிட்ஜை அடுத்த பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அலெக் பாங்கம் என்பார், லெசித்தின் என்னும் முட்டைக் கொழுப்பு நீர் பட்டதும் தானே நுண்குமிழிகளாக மூடிக்கொள்வதை மின்னணு நுண்பெருக்கியிற் கண்டு, 1964-இல் வெளியிட்டார். (மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றே லெசித்தின் என்னும் பெயர் பிறந்தது.) குமிழிக்குள் மருந்தை வைக்கலாம்; மரபணுவை உயிரணுவுக்குள் சேர்ப்பதுதான் அரிதாயிற்று. மரபணு எதிர் மின்னூட்டம் உடையது. உயிரணுவின் மேற்பரப்பும் அத்தகையதே. ஒன்றையொன்று விலக்குமன்றோ? 1987-இல் பிலிப் ஃபெல்க்னர் குழுவினர் நேர் மின்னூட்டமுள்ள கொழுப்பொன்றை ஆக்கி, இவ்விடரைக் கடந்தனர்.

மூன்றே ஆண்டில் அது குருதிக் குழாயை எட்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நேபல் குழுவினர், பன்றியின் தமனிக்குள் மெல்லிய குழலைச் செலுத்தி, இருபுறமும் பலூனால் குருதியைத் தடுத்து, இடைப்பகுதியில் மரபணுவை விட்டனர். சிலவற்றில் வைரசு வழியாகவும், சிலவற்றில் கொழுப்பு வழியாகவும் அனுப்பினர். தமனிச் சுவர் அம்மரபணுவை மாதக்கணக்கில் செயற்படுத்திற்று.

மனிதரிடத்தில் நிகழ்ந்தது வேறு. அடைபட்ட இதயத் தமனியைப் பலூனால் விரித்த பின்னும் அது மீண்டும் சுருங்குவதுண்டு. அதனைத் தடுக்க, குழாயின் உள்வரி அணுக்களை வளரச் செய்யும் புரதத்தின் மரபணுவைப் பின்லாந்தின் குவோப்பியோ மருத்துவர்கள் 103 நோயாளரிடம் சோதித்தனர். 37 பேர் வைரசு வழியாகவும், 28 பேர் கொழுப்பு வழியாகவும் பெற்றனர். 38 பேருக்கு மரபணு இல்லை. 2003-இல் முடிவு வெளிவந்தது: மீண்டும் சுருங்குவதில் மூன்று பிரிவினருக்கும் வேறுபாடில்லை. இதய ஓட்டம் சற்றே தேறியதும் வைரசு பெற்றாரிடந்தான். அதனை ஒளியாது எழுதியமை என் நோக்கில் பாராட்டுக்குரியது.

குருதியிற் கலந்த கொழுப்புத் துகளைக் கல்லீரல் வாங்கிக்கொள்வது மற்றோர் இடர். அவ்விடரையே பயனாக்கி, கல்லீரலை நாடும் படிசிரான் மருந்து 2018-இல் இசைவு பெற்றது. அமிலத்தில் மட்டும் மின்னூட்டம் கொள்ளும் புதுக் கொழுப்பு அதற்கு உதவிற்று. அவ்வகைக் கொழுப்பே ஃபைசர் தடுப்பூசியிலும் அமைந்தது. 24-2-2021-இல் மலேசியாவில் தொடங்கிய அவ்வூசி பினாங்கு மக்கள் பலரின் தோளையும் எட்டியது. அது நம் மரபணுவை மாற்றிவிடுமென்று பெற்றோர் சிலர் என்னிடமே அஞ்சிக் கேட்டனர். அதிலுள்ளது தூது ஆர்.என்.ஏ. மட்டுமே, அது உயிரணுவின் உட்கருவுக்குள் புகாது, சில நாளில் சிதைந்தும் போகும்.

கல்லீரலைத் தவிர்த்துக் குழாய்ச் சுவரையே நாடும் துகள்களைப் பற்றிய ஆய்வு, இன்றும் பெரும்பாலும் விலங்குகளிடத்திலேயே நடைபெறுகின்றது.