சோதனை முடிந்த பிறகு

சென்ற வருடம் நண்பன் ஒருவன் இருபது பக்கத் தாள்கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தான். பதினோரு வருடமாக மனச்சோர்வோடு வாழ்பவன். நான்கு மருந்து மாற்றியும் கேட்கவில்லை. இப்போது புது மருந்து ஒன்றின் சோதனையில் சேரச் சொல்கிறார்கள். அதற்கான ஒப்புதல் படிவம் அது. மருந்து வேலை செய்யுமா என்று அவன் கேட்கவில்லை.

“நல்லாயிடுச்சுன்னே வெச்சுக்கோ. ட்ரையல் முடிஞ்சதும் மருந்த நிறுத்திட்டா நான் என்னடா பண்றது?”

பதில் தேடிப் போனபோது அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையின் கதைக்குள் போய் நின்றேன்.

அதன் தொடக்கம் கனடாவில். டொரன்டோவில் நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க்கும் அறுவை மருத்துவர் ஆண்ட்ரெஸ் லோசானோவும் ஆறு பேரின் மூளையில், ‘பகுதி 25’ என்ற இடத்தில், மெல்லிய மின்முனைகளைப் பொருத்தினார்கள். மாத்திரை, மின்னதிர்ச்சி எதற்கும் மசியாத நோயாளிகள் அவர்கள். ஆறு மாதம் கழித்து நான்கு பேருக்குத் தெளிவான முன்னேற்றம். 2005இல் இது வெளியானபோது பெரிய நம்பிக்கை பிறந்தது.

அடுத்து செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் அமெரிக்காவில் பெரிய சோதனையைத் தொடங்கியது. பெயர் ‘பிராடன்’. தொண்ணூறு பேருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அறுபது பேருக்கு மின்சாரம் ஓடியது. முப்பது பேருக்குக் கருவி உள்ளே இருந்தும் ஆறு மாதம் அணைத்தே வைக்கப்பட்டது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. கணிசமாகத் தேறியவர்கள் முதல் பிரிவில் 12 பேர், இரண்டாவதில் 5 பேர். அதாவது 20 சதவீதம், 17 சதவீதம். வித்தியாசமே இல்லை. தொடர்வதில் பயனில்லை என்று சோதனையை நிறுத்தினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு எல்லோருக்கும் கருவி இயக்கப்பட்டு, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப்பேர் தேறியிருந்தார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாததால் அதைக் கருவியின் வெற்றி என்று அடித்துச் சொல்ல முடியாது. தேறியவருக்கோ அந்த வாதம் முக்கியமில்லை. அவர் நெஞ்சுக்குள் இருக்கும் பாட்டரி சில ஆண்டுகளில் தீரும். மாற்ற இன்னொரு அறுவை வேண்டும். மனச்சோர்வுக்கு அங்கீகாரம் பெறாத சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தரும் என்ற உறுதியும் இல்லை. சோதனை முடிந்துவிட்டது, உடம்பில் கருவி மட்டும் மிச்சம்.

நண்பன் கேட்டதும் இதைத்தான்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசோதனை விதிகள் இதைத் தொடுகின்றன. மாற்று சிகிச்சை இல்லாதபோது, ஆய்வாளர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்பினால், சோதனைக்குப் பிறகும் நிறுவனம் மருந்தை இலவசமாகத் தர வேண்டும். அந்த ‘ஆல்’களில்தான் எல்லாம் இருக்கிறது.

இருவரும் உட்கார்ந்து படிவத்தின் ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதினோம். முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா? எத்தனை நாளைக்கு? நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்கு டாக்டரம்மா உடனே தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டையும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காத்திருக்கிறான்.