மழைக்கு யார் அபராதம் போடுவது?

ஆலைக்கழிவு குழாய் வழியா வந்தால் ஆளைப் பிடிச்சிடலாம். குழாய்க்கு உரிமையாளர் உண்டு, உரிமம் உண்டு, மீறினால் அபராதம் உண்டு. 1972ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூயநீர்ச் சட்டம் இந்த நம்பிக்கையில்தான் வேலை செய்தது. ஆனால் ஆயிரம் வயல்களின் உரத்தையும் சாணத்தையும் ஒரு மழை கழுவிக்கொண்டு போனால் யாரைப் பிடிப்பது?

செசபீக் விரிகுடா இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. விரிகுடா இருப்பது மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும். அதற்கு வரும் நன்னீரில் ஏறக்குறைய பாதியைத் தருவது சஸ்க்வெஹான்னா ஆறு. அது பென்சில்வேனியாவின் பண்ணைகள் வழியாக வருகிறது. பென்சில்வேனியாவுக்கோ விரிகுடாவில் ஒரு அடி கரைகூட கிடையாது. அங்கே போட்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் இங்கே பாசியாகப் பெருகும். பாசி செத்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீரும். நண்டும் சிப்பியும் மூச்சுத் திணறும்.

1983இல் மூன்று மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து ஒரே பக்க ஒப்பந்தம் போட்டன. 1987இல் இலக்கு வைத்தார்கள்: 2000க்குள் சத்துகளை 40 சதவீதம் குறைப்பது. மத்திய அரசு பணமும் அளவீடும் கொடுத்தது. மாநில வேளாண் துறைகளும் மண்வளப் பாதுகாப்பு அலுவலகங்களும் விவசாயிகளிடம் போய்ப் பேசின. ஓடைக்கரையில் மரம் வையுங்கள், மாடு இறங்காமல் வேலி போடுங்கள், குளிர்காலத்தில் நிலத்தை வெறுமனே விடாதீர்கள், செலவில் பங்கு தருகிறோம் என்றார்கள். பெரும்பாலும் எல்லாம் விருப்பத்தின் பேரில்தான். இலக்கு தவறியது.

2010இல் முகமை கறாரானது. ஆண்டுக்கு 18.59 கோடி பவுண்டு நைட்ரஜன்தான் மொத்த உச்சவரம்பு. அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பங்கு. விவசாயிகள் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. பெரும்பாலும் விரிகுடாவுக்குச் சம்பந்தமே இல்லாத 21 மாநிலங்கள் அதற்குத் துணை நின்றன. இன்னைக்கு செசபீக், நாளைக்கு மிசிசிப்பி என்ற பயம். மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. 2016இல் உச்சநீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் 2025க்கான தங்கள் இலக்கைப் பத்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டன. வயல்கள் எட்டவில்லை. குழாயை மாற்ற ஒரு பொறியாளரும் பணமும் போதும். வயலை மாற்ற, தன் வாழ்நாளில் விரிகுடாவையே பார்க்காத ஒரு விவசாயி, அதில் நண்டு பிடிக்கும் யாரோ ஒருவருக்காகத் தன் ஓடைக்கரையில் கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் எந்த ஆண்டிலும் இல்லை.