மக்காச்சோளத்தைப் படைத்தவர் யார்?

மண்ணால் மனிதனைச் செய்தனராம் தேவர்கள், கரைந்துபோனான். மரத்தால் செய்தனராம்; அறிவின்றித் திரிந்தான். இறுதியில் மக்காச்சோள மாவைப் பிசைந்து செய்தனராம், அவனே மனிதனானான்! குவாதமாலா நாட்டு மாயா மக்களின் 'பொபோல் வூ' என்னும் ஏடு கூறும் படைப்புக் கதை இது. நம் நாட்டுப் புராணிகரோ, முகத்திலிருந்து ஒருவனையும் காலிலிருந்து இன்னொருவனையும் பிறப்பித்தனர். எல்லோரையும் ஒரே மாவில் பிசைந்தவர்கள், கதையளப்பிலும் சற்றே நாகரிகம் காட்டினர் என்போம்.

அந்த மாவுக்கு வேண்டிய மக்காச்சோளம் எங்கிருந்து வந்தது? மலைக்குள் மறைந்து கிடந்ததை விலங்குகள் காட்டிக் கொடுத்தன என்கிறது கதை. ஆராய்ச்சி காட்டுவது வேறு. தெற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 'தியோசிந்தே' எனும் காட்டுப்புல் உண்டு. அதன் கதிர் விரலளவே. மணிகள் பத்தோ பன்னிரண்டோ. ஒவ்வொன்றுக்கும் கல் போன்ற ஓடு. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், அந்தப் புல்லில் நல்ல கதிரைத் தேர்ந்து, விதைத்து, மீண்டும் தேர்ந்தவன் மனிதன். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தான், புல் பயிராயிற்று!

அதனினும் வியப்பு, அவன் பயிரைத் தனியே வளர்க்கவில்லை என்பது. 'மில்பா' எனப்படும் கொல்லையில் மக்காச்சோளம், அவரையினத்துக் கொடி, பூசணி மூன்றும் ஒன்றாக வளர்ந்தன. கொடி ஏறத் தட்டை வேண்டும். ஆகவே சாயாத தட்டை தேவைப்பட்டது. தட்டையை அமுக்காத கொடி வேண்டும். ஆகவே காலமறிந்து படரும் கொடி தேவைப்பட்டது. பூசணியிலை நிலத்தை மூடிக் களையை அடக்கி, ஈரத்தைக் காத்தது. கொடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், மண்ணின் உரத்துக்கு அது மக்காச்சோளத்தோடு அதிகம் மல்லுக்கு நிற்பதில்லை. இதனை ஜெர்மனியில் ஹெல்ரீகல் அறிவித்தது 1886-இல். உணவிலும் அதே பொருத்தம்: மக்காச்சோளத்தில் குறைவான லைசினை அவரை ஈடு செய்கிறது.

வகுப்பில் இதனை நாம் கூறியபோது மாணவனொருவன் கேட்டான்: "அவர்கள் பெயர் என்ன, ஐயா?" விடையில்லை நம்மிடம். மன்னர் பெயர் கல்லில் இருக்கிறது. தேவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. விதை தேர்ந்தவன் பெயர் எங்கே இருக்கிறது? ஏடுகளுக்குத்தான் என்ன கதி! 1562-இல் மானி என்ற ஊரில் தியெகோ தெ லாண்டா எனும் பாதிரியார், மாயா ஏடுகளைப் பேயின் பொய்கள் என்று சொல்லித் தீயிலிட்டார்.

பெயரற்றோரின் அறிவை மதிக்காத வழக்கம் தீயோடு முடியவில்லை. ஆராய்ச்சிப் பண்ணைகள் நெடுங்காலம் ஒவ்வொரு பயிரையும் தனித்தனிப் பாத்தியிலேயே சோதித்தன. தனியே முதலிடம் பெறும் அவரை, தட்டையின் நிழலில் பின்தங்கலாம். நெருக்கமாக நட்டு நிறைய விளையும் மக்காச்சோளம், கொடிக்கு ஒளியே விடாமற் போகலாம். கூடி வாழத் தக்கதைக் கூட்டத்தில் வைத்தன்றோ தேர வேண்டும்? 1941-இல் புவியியலறிஞர் கார்ல் சாவர், அமெரிக்க வணிக விதைகளை மெக்சிகோவில் திணித்தால் அந்நாட்டு விதைச் செல்வம் பாழாகும் என்று ராக்பெல்லர் அறநிலையத்தை எச்சரித்தார். திட்டமோ 1943-இல் தொடங்கிற்று.

நம் மானாவாரி உழவரும் சோளத்தினூடே துவரை விதைப்பவரே. சோளம் முதலில் அறுவடையாகும். மெல்ல வளரும் துவரை, அதன்பின் கிடைத்த வெயிலில் கிளைத்துக் காய்க்கும். 1972-இல் ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்செருவில் அமைந்த பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்தக் கூட்டுப்பயிரை அளந்து ஆராய்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று ஏசப்பட்டவனின் கொல்லையில், அறிஞர்கள் அளவுகோலோடு வந்து நின்றனர்!